அரைப்பேர்ச் செய்திகள்

“தேயிலை மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண் தொழிலாளர்கள் ஒன்பது பேர் குளவிக் கொட்டுக்கு இலக்காகி வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டுள்ளனர். மரத்திலிருந்த குளவிக்கூட்டைக் கழுகு கொத்தியதில் குளவிகள் கலைந்து வந்து கொட்டியதாகத் தெரிவிக்கப்படுகின்றது.”

இந்தச் செய்தியை நீங்கள் கேட்டிருப்பீர்கள். நான் எழுதியிருக்கிறேன். எத்தனை தடவை என்று எண்ணி வைக்கவில்லை. தொலைக்காட்சிச் செய்திப் பிரிவொன்றில் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே இது கைக்கு வந்துவிட்டது. கணினியில் பழைய ஸ்கிரிப்ட் ஒன்றைத் திறக்க வேண்டும். இடத்தை மாத்த வேண்டும், எண்ணை மாத்த வேண்டும், வைத்தியசாலையை மாத்த வேண்டும். அவ்வளவுதான். வாசிக்க 20 செக்கன். கழுகு எப்போதும் அப்படியே இருக்கும்.

போன வருஷம் ஒரு நாள் அப்படி ஒன்றை எழுதிக் கொடுத்துவிட்டு, பஸ் பிடித்து வெள்ளவத்தை அறைக்கு வந்து, சோத்துப் பார்சலைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அம்மா போன் எடுத்தாங்க.

“பாப்பா, நியூஸ் பாத்தோம். கழுகு கொத்துச்சுன்னு எல்லாம் விவரமா சொன்னீங்க. ஒங்க சித்தி பேர மட்டும் சொல்லலயே?”

அந்த ஒன்பது பேரில் ஒருவர் என் சித்தி என்று அப்போதுதான் எனக்குத் தெரியும். செய்தியாளர் அனுப்பிய குறிப்பில் “வெலிமடை பிரதேசத்திலுள்ள தோட்டமொன்றில்” என்று இருந்தது. எந்தத் தோட்டம் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவும் இல்லை. நான் பிறந்து வளர்ந்த லயத்திலிருந்து இரண்டு மலை தள்ளி நடந்ததை, எங்கேயோ நடந்த மாதிரி எழுதி, எழுத்துப்பிழை பார்த்து, வாசிப்பவர் கையில் கொடுத்திருக்கிறேன்.

சித்திக்கு இரண்டு மூன்று நாளில் வீக்கம் வத்திவிட்டது. ஊருக்குப் போனபோது தேத்தண்ணி ஊத்திக்கொண்டே சொன்னாங்க: “பத்து மணிக்குக் கொட்டுச்சு. அன்னைக்கு அரைப்பேருதான் போட்டாங்க.”

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தோட்டத்தில் ‘பேர்’ என்றால் ஒரு நாள் சம்பளம். சொன்ன கிலோவுக்குக் கொழுந்து எடுத்தால் ஒரு பேர் விழும். குறைந்தால் அரைப்பேர். மாசக் கடைசியில் “எத்தனை பேரு?” என்றுதான் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வார்கள். சித்திக்கு அன்று தோட்டத்துச் செக்ரோலில் அரைப்பேர். எங்கள் செய்தியில் அதுவும் இல்லை.

அன்றிலிருந்து எனக்குள் ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றைத்தான் இங்கே சொல்லப் பார்க்கிறேன். மலையகத்தைப் பற்றி நாங்கள் போடும் செய்திகளில் பெரும்பாலானவை அரைப்பேர்ச் செய்திகள். என்ன நடந்தது, எங்கே நடந்தது, எத்தனை பேர் என்பதோடு நின்றுவிடுகின்றன. யார், ஏன், பிறகு என்ன ஆனது என்ற பாதி வருவதே இல்லை. மலையகச் செய்திக்குக் கூடுதல் நேரம் கேட்கிற எல்லோரும் முதலில் இந்த இரண்டாம் பாதியைக் கேட்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

சித்தியின் விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். வேலைத்தளத்தில் வேலை நேரத்தில் காயம்பட்ட ஒருவருக்கு நட்டஈடு கேட்க, இந்த நாட்டில் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. குளவிக் கொட்டுக்கு அது எப்படிப் பொருந்துகிறது? கடைசியாக எந்தத் தோட்டத்தில் யாருக்குக் கிடைத்தது? மலைகளைத் துப்புரவு செய்யாமல் காடாக விட்டதால்தான் குளவி கூடிவிட்டது என்று தொழிலாளர்கள் சொல்கிறார்கள். அதற்குத் தோட்ட நிர்வாகத்தின் பதில் என்ன? இவ்வளவும் செய்திதான். எதையும் நான் எழுதியதில்லை. கழுகைத்தான் எழுதினேன். கழுகு கொத்தியது என்று எழுதிவிட்டால் வேறு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

கொழும்பிலிருந்து ஊருக்குப் போகும் 99ஆம் நம்பர் பஸ் பெரகலைச் சந்தியில் ஹப்புத்தளைப் பக்கம் ஏறும். நேரே போகும் ரோட்டில் போனால் கொஸ்லந்தை. ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில் எனக்கு மீரியபெத்தை ஞாபகம் வரும்.

2014 ஒக்டோபர் 29, புதன்கிழமை. காலை ஏழரை மணியளவில் மலை சரிந்து லயங்களை மூடியது. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, சிலருக்கு வீட்டில் இருந்தவர்களும் இல்லை. எனக்கு அப்போது அந்தப் பிள்ளைகளின் வயசுதான். எங்கள் லயத்தில் எல்லோரும் ஒரே டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தோம். காணாமல் போனவர்கள் 300 பேர் என்றார்கள். அந்த எண் உலகம் முழுக்கப் போனது. பிறகு 192 என்றார்கள். கடைசியில் நாற்பதுக்குள் வந்து நின்றது.

எண் குறைந்தது நல்ல விஷயம். ஆனால் அது ஏன் அப்படி ஆடியது என்ற கேள்வியை நாங்கள் பெரிதாகக் கேட்கவில்லை. அன்று காலை அந்த லயங்களில் யார் யார் இருந்தார்கள், யார் வேலைக்குப் போயிருந்தார்கள், யார் கொழும்பில் கடையில் நிற்கிறார்கள் என்பதை உடனே யாராலும் சொல்ல முடியவில்லை. பேர் தெரியாதபோது எண் இஷ்டத்துக்கு ஏறும், இறங்கும்.

இன்னொரு விஷயம். அந்த இடம் ஆபத்தானது, மக்களை அங்கிருந்து மாற்ற வேண்டும் என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. மலை சரிந்த பிறகுதான் இது பெரிய செய்தியானது. பெரிய செய்தியாகியிருக்க வேண்டிய நாட்கள் அந்த இரண்டு வருஷங்களில் இருந்தன. உயிர் தப்பியவர்கள் தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடமொன்றில் தங்கவைக்கப்பட்டார்கள். புது வீடுகள் கையளிக்கப்பட 2016 ஒக்டோபர் வரை போனது. இரண்டு வருஷம். முதல் வாரம் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்ற ஊடக வேன்கள் அந்த இரண்டு வருஷமும் எங்கே இருந்தன? அடுத்த செய்திக்குப் போயிருந்தன. நான் அந்தத் தொழிலுக்குள் வந்த பிறகு சொல்கிறேன், யாரும் வேண்டுமென்று மறக்கவில்லை. அடுத்த நாள் ரண்டவுன் வெற்றாக இருக்கும், அதை நிரப்ப வேண்டும். அவ்வளவுதான் காரணம்.

சம்பளக் கதையும் இப்படித்தான். 1000 ரூபா நாட்சம்பளக் கோரிக்கை 2015இல் மேடையில் பேசப்பட்டது. 2018 ஒக்டோபர் 24இல் கறுப்பு உடுப்போடு இளைஞர்கள் காலிமுகத்திடலில் கூடினார்கள். அதில் பலர் கொழும்பில் கடைகளிலும் ஹோட்டல்களிலும் வேலை செய்த எங்கள் பிள்ளைகள். 2021 மார்ச்சில்தான் வர்த்தமானி வந்தது. அதற்குள் சாமான் விலை எங்கேயோ போய்விட்டது. 2024 மே தினத்தில் 1700 என்று மேடையில் அறிவித்தார்கள். கொம்பனிகள் வழக்குப் போட்டன. செப்டெம்பர் வர்த்தமானியில் அடிப்படைச் சம்பளமாக வந்தது 1350.

இந்த ஒவ்வொரு திகதியிலும் ‘சம்பளம் அதிகரிப்பு’ என்று பிரேக்கிங் போட்டிருக்கிறோம். அறிவிப்பு ஒரு செய்தி, பேச்சுவார்த்தை ஒரு செய்தி, வழக்கு ஒரு செய்தி. அடுத்த மாசம் பத்தாம் திகதி ஒரு அம்மாவின் சம்பளத் துண்டில் எத்தனை பேர் விழுந்தது, கொழுந்து எத்தனை கிலோ கேட்டார்கள், என்னென்ன வெட்டினார்கள் என்று துண்டைக் கையில் வைத்துக்கொண்டு போட்ட செய்தி எத்தனை? கிலோவைக் கூட்டினால் அறிவித்த சம்பளம் தானாகக் குறையும். தோட்டத்தில் எல்லோருக்கும் இது தெரியும். செய்தியறைக்கு மட்டும் தெரியாது.

மலைநாட்டுச் செய்தியே இப்படித்தான், ஒரு நாளைக்கு மேல் நிற்காது என்று யாராவது சொன்னால் நான் உமா ஓயாவைக் காட்டுவேன். எங்கள் வெலிமடைப் பக்கத்து ஆறு அது. அதை மறித்து, மலைக்குள்ளால் சுரங்கம் வெட்டி, கரந்தகொல்லையில் மின்சாரம் எடுக்கும் திட்டம். 2014 டிசம்பரில் சுரங்கத்துக்குள் தண்ணீர் பீறிட்டது. பண்டாரவளைப் பக்கம் கிணறுகள் வத்தின, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. அந்தச் சுவர்கள் திரும்பத் திரும்பச் செய்தியில் வந்தன. வீட்டுக்காரர்கள் தங்கள் கிணத்தடியில் நின்று பேசினார்கள். 2017 ஜூன் 28இல் பண்டாரவளை நகரத்தில் ஆயிரக்கணக்கான மக்கள் இறங்கினார்கள். அரசாங்கம் நட்டஈட்டைப் பற்றிப் பேச வேண்டி வந்தது. திட்டம் நிற்கவில்லை, 2024 ஏப்ரலில் திறந்தும் வைத்தார்கள். ஆனால் ‘நிலம் தாழிறங்கியதாகத் தெரிவிக்கப்படுகின்றது’ என்ற ஒரு வரியோடு அது முடிந்துபோகவில்லை. தொடர்ந்து போனால் ஒரு செய்தி மூன்று வருஷம் உயிரோடு இருக்கும் என்பதற்கு ஆதாரம் எங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. லயத்துச் சுவர் வெடித்தால் மட்டும் ஏன் அது ஒரு நாளோடு முடிய வேண்டும்?

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மறுபடியும் அதே எண்கள் திரையின் கீழே ஓடின. நாடு முழுக்க 600 பேருக்கு மேல் போய்விட்டார்கள். பதுளை மாவட்டத்தில் எத்தனையோ இடங்களில் மலை இறங்கியது. எனக்கு அம்மாவோடு பேச முடியவில்லை. லைன் கிடைக்காமல், வந்த எண்களைத் தட்டச்சு செய்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு தடவை ‘பதுளை’ என்று அடிக்கும்போதும் கை நின்றது. அந்த நாட்களில் எண் அவசரத் தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. லயத்துக்கு உறுதி கிடையாது. அந்த வீடு குடியிருப்பவர் பேரில் இல்லை. அப்படியென்றால் அது இடிந்தால் அவர் ‘வீட்டை இழந்தவர்’ என்ற கணக்கில் முழுசாக வருவாரா? எந்த இடத்தில், எத்தனை பேர்ச் காணி, யாருடைய பேரில்? இந்தக் கேள்வியை மாசம் ஒரு தடவையாவது கேட்டுக்கொண்டே இருக்காவிட்டால், மீரியபெத்தையிலிருந்து நாங்கள் ஒன்றும் படிக்கவில்லை என்று அர்த்தம்.

இனி எங்கள் பக்க நியாயத்தையும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் இது பொய்க் கட்டுரையாகிவிடும்.

ஊரிலிருந்து செய்தி அனுப்பும் செய்தியாளர்கள் பலருக்கு மாசச் சம்பளம் கிடையாது. அனுப்பியது ஒளிபரப்பானால் அதற்குக் காசு. ஒரு தோட்டத்துக்கு மோட்டார் சைக்கிளில் போய் வர ஆகும் பெற்றோல் காசு சில நேரம் அந்தச் செய்திக்குக் கிடைப்பதைவிடக் கூட. அதே தோட்டத்துக்கு ஒரு மாசம் கழித்து இன்னொரு தடவை போ என்று எந்த வாயால் சொல்வது? உள்ளே போக நிர்வாகம் விடாவிட்டால் கேட்டடியில் நிற்க வேண்டும். கொழும்பில் இருக்கும் எங்களுக்குக் காலை ஷிப்ட் என்றால் நாலு மணிக்கே எழும்ப வேண்டும். ஏழெட்டுச் செய்தியறிக்கை. ஒருவர் லீவு என்றால் இருவர் வேலை. இதற்குள் “பிறகு என்ன ஆனது?” என்று யோசிக்க நேரம் எங்கே?

ஒரு தடவை கூட்டத்தில் நான் இதைக் கேட்டேன். பொறுப்பாசிரியர் கெட்டவர் இல்லை, சிரித்துக்கொண்டே சொன்னார்: “தங்கச்சி, நேத்துக் கொட்டின குளவிக்கு இன்டைக்கு என்ன செய்தி?”

அன்று எனக்குப் பதில் வரவில்லை. இப்போது சொல்வேன்: அரைப்பேர் போட்டதுதான் அண்ணா இன்றைய செய்தி.

நேரமே இல்லை என்பதையும் நான் முழுசாக நம்பவில்லை. மலையகச் செய்தி ஒன்றில் அரசியல்வாதி பேசினால் 40 செக்கன் வைப்போம். தொழிற்சங்கத் தலைவர் பேசினாலும் அப்படித்தான். தொழிலாளி பேசினால் எட்டு செக்கன், அதுவும் அழுகிற இடம். நானே எடிட் அறையில் உட்கார்ந்து அப்படி வெட்டியிருக்கிறேன். ஒரு அக்கா ஐந்து நிமிஷம் பேசியிருந்தார். கிலோக் கணக்கு, கடன், மகனின் படிப்பு, ரோட்டு என்று ஒன்றுவிடாமல், ஒரு சட்டத்தரணி மாதிரி வரிசையாகச் சொல்லியிருந்தார். கடைசியில் குரல் உடைந்தது. நாங்கள் எடுத்தது அந்தக் கடைசியை மட்டும். அதைப் பார்க்கிறவர் பாவம் என்று நினைத்துவிட்டு அடுத்த செய்திக்குப் போவார். அந்த அக்கா கேட்டது பாவத்தை அல்ல, கணக்கை. இதைத் திருத்த ஒரு செக்கன்கூட அதிகம் தேவையில்லை. வேறு எட்டு செக்கனை எடுத்தால் போதும்.

நூறு வருஷத்துக்கு முன்னால் கோ. நடேசய்யர் என்ற தஞ்சாவூர்க்காரர், வெளியாட்களை உள்ளே விடாத தோட்டங்களுக்குள் புடவை வியாபாரி மாதிரி போய், தொழிலாளர்கள் படும்பாட்டைப் பார்த்து வந்து எழுதினார். 1924இல் ‘தேசபக்தன்’ பத்திரிகையைத் தொடங்கினார். தொழிற்சங்கம் கட்டினார், சட்டசபைக்கும் போனார். அவர் மனைவி மீனாட்சியம்மை பாட்டுக் கட்டி, தொழிலாளர்கள் கூடும் இடங்களில் பாடினார். அவர்களிடம் கெமரா இல்லை, வாட்ஸ்அப் இல்லை. ஆனால் ஒரு விஷயத்தைப் பிடித்தால் அது முடியும் வரை விடவில்லை. மலையகத்தில் செய்தித்தொழில் தொடங்கிய இடம் அது. நாங்கள் இன்று புடவை மூட்டை தூக்க வேண்டியதில்லை. லயத்தில் எல்லார் கையிலும் போன் இருக்கிறது.

பெரிய மாற்றங்களை நான் கேட்கவில்லை. என் கையால் முடிந்த மூன்றை மட்டும் தொடங்கியிருக்கிறேன்.

ஒன்று, ‘தோட்டமொன்றில்’ என்று எழுதுவதில்லை. தோட்டம், பிரிவு என்ன என்று போன் பண்ணிக் கேட்கிறேன். பேரும் கேட்கிறேன். இதில் கவனம் வேண்டும். நிர்வாகத்தைப் பற்றிப் பேசிய ஒருவரின் பேரைப் போட்டு நாளைக்கு அவருக்கு வேலை இல்லாமல் போனால் அந்தப் பாவம் நமக்கு. அதனால் போடட்டுமா என்று அவரிடமே கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் வேண்டாம். நம் சோம்பலால் பேர் விடுபடக்கூடாது.

இரண்டு, ஒரு சி.ஆர். கொப்பி வாங்கி வைத்திருக்கிறேன். குளவி, தீ, மண்சரிவு, சம்பளம் என்று எது எழுதினாலும் அதில் மூன்று திகதி குறிக்கிறேன்: ஒரு வாரம் கழித்து, ஒரு மாசம் கழித்து, ஒரு வருஷம் கழித்து. அந்தத் திகதியில் ஒரு போன். பத்தில் எட்டுக்கு நேரம் கிடைக்காது. இரண்டு உள்ளே போய்விடும். லயம் எரிந்து பாடசாலையில் தங்கியிருந்த குடும்பங்களைப் பற்றி ஒரு மாசம் கழித்து ஒரு செய்தி போட முடிந்தது இந்தக் கொப்பியால்தான்.

மூன்று, ‘தீக்கிரையாகின’, ‘ஏற்பட்டது’, ‘வழங்கப்படவில்லை’ என்று எழுதும்போது ஒரு தடவை நின்று யோசிக்கிறேன். யார் வழங்கவில்லை? வெள்ளைக்காரன் காலத்து லயத்தில் ஒரே கூரை, ஒரு காம்பராவில் பிடித்தால் வரிசையே எரியும் என்று தெரிந்தும் யார் மாற்றவில்லை? எல்லா நேரமும் பதில் கிடைக்காது. ஆனால் கேட்டோம், பதில் இல்லை என்று எழுதினாலும் அது செய்திதான்.

வாசிக்கும் உங்களில் பலர் தோட்டத்துப் பிள்ளைகள். உங்கள் ஊரில் ஒன்று நடந்து நியூஸில் வந்தால், “நம்ம ஊர் டிவியில வந்துச்சு” என்று ஸ்டேட்டஸ் வைப்பதோடு விட்டுவிடாதீர்கள். ஒரு மாசம் கழித்து அந்தச் செய்தியாளருக்கு ஒரு போன் எடுங்கள். “அண்ணே, அன்னைக்குப் போட்டீங்களே, அது இப்ப இப்படி இருக்கு” என்று சொல்லுங்கள். சம்பளத் துண்டைப் படம் எடுத்து, வேண்டுமானால் பேரை மறைத்து அனுப்புங்கள். எங்களைத் தொந்தரவு பண்ணுங்கள். என் கொப்பியைவிட அது பலமானது.

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். சித்தி வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருக்காங்க. அதே மலை, அதே மரம். கூடு இன்னும் இருக்கா என்று கேட்டேன்.

“ரெண்டா இருக்கு,” என்றாங்க. பிறகு கொழுந்துக் கூடையின் கயிற்றைச் சரிபண்ணிக்கொண்டே, “எழுதுறதா இருந்தா இப்பவே எழுதிரு. கொட்டின பொறகு எழுதாத.”

கொப்பியில் குறித்திருக்கிறேன். இந்தத் தடவை திகதி, கொட்டுவதற்கு முன்னால்.